முன்மொழிந்தவர்

ஒன்பதாம் எண்காரர் இன்னும் விடுகிற வழியாக இல்லை. வடக்கே ஏதோ ஒரு ஜில்லாவில், மானும் இல்லாமல் மாடும் இல்லாமல் ஒரு மிருகம் கூட்டம் கூட்டமாக வயலில் இறங்கிக் கடலைச் செடியை மொட்டையடித்துவிட்டுப் போகிறதாம். பெத்துராஜுக்குப் பதினேழாம் எண். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்பது ஏற்பாடு, இழுக்கிறவன் ஒன்றரை இழுப்பான், எதிர்வரிசையிலிருந்து எவனாவது எழுந்து கத்தினால் அது தனி. எப்படிப் பார்த்தாலும் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கிடக்கிறது. காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவிக்குள் ஒரு பெண்குரல் அந்த மிருகத்தைத் தமிழில் துரத்திக்கொண்டு வந்தது, மூச்சு வாங்க. அவர் கருவியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். இந்தப் பாராளுமன்ற மண்டபத்தில் எந்நேரமும் ஒரே குளிர், வேட்டிக்குள் காற்றுப் புகுந்து முழங்காலைப் பிடிக்கிறது; உள்ள ஒரு கால்சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்களேன், எவ வந்து பாக்கப்போறா என்று சீனித்தாய் போன கூட்டத்தொடரிலேயே சொன்னாள், பெண்டாட்டி சொல்லி எதைக் கேட்டிருக்கிறார் அவர். கேள்வி நேரம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் இது பூஜ்ய நேரம். முதல் நாளே சீட்டு எழுதிக் கொடுத்து, குலுக்கலில் பேர் விழுந்தவர்கள் மட்டும் தொகுதிக் குறையைச் சொல்லலாம். கூப்பிடும்போது ஆள் இடத்தில் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை, பேப்பரிலும் வராது. பக்கத்து இருக்கை எழில்வேந்தன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான். மூன்றாவது தடவை ஜெயித்து வந்த ஆள், கட்சிக்கு இங்கே கொறடா, ஊரில் பெரிய வக்கீல். "பதினாறு பேசறப்போ மெதுவா எழுந்து வெளிய போங்க. ஒரு டீ சாப்பிடுங்க. பதினெட்டு ஆரம்பிச்சதும் வந்து உட்காருங்க. முடிஞ்சு போச்சு." முடிஞ்சு போச்சாம். இவருக்கு எல்லாமே டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துபோகும். "வக்கீல் சார், எனக்கு டீ ஆவாது, பித்தம்" என்றார் பெத்துராஜ். "காபி இருக்கு" என்றார் எழில்வேந்தன், மேஜைத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்தாம் எண். ஒரு அம்மாள், ஆஸ்பத்திரி வேண்டும் என்கிறாள். நியாயம்தான். அவர் கேட்கப்போவது ஆஸ்பத்திரி அளவுக்குப் பெரிதில்லை, ஒரு நடைமேம்பாலம், இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க ரயில் தண்டவாளத்துக்கு மேலே இரும்பில் ஒரு படிக்கட்டு. சாத்தங்குறிச்சி நகராட்சி பதினாலாம் வார்டில், பழைய கேட் இருந்த இடத்தில். கேட்டை மூடிப் பதினாலு வருஷமாகிறது. மூடியபோது மேற்கே முக்கால் கிலோமீட்டரில் ஒரு சுரங்கப்பாதை கட்டினார்கள், அதில் வடிகால் வெட்ட வேண்டியது நகராட்சி, வெட்டவில்லை, மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர், மழை பெய்யாவிட்டால் சாக்கடை. சனங்கள் கேட் இருந்த இடத்துச் சுவரில் ஓட்டை போட்டுத் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கிறார்கள். அந்த இடத்தில் பாதை வளைகிறது, வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மேலே வந்துவிடுகிறது. நாலு பேர் போயாச்சு. ஒரு மனு, ஒரு கோரிக்கை, எழுந்து நின்று ஒரு நிமிஷம், இதிலே என்ன இருக்கிறது என்றுதான் அவரும் போன வாரம் ரயில்வே அமைச்சகத்தில் ஒரு மலையாள அதிகாரி அறைக்குப் போனார். நல்ல மனுஷன். எழுந்து நின்று கும்பிட்டார், தமிழ் நன்றாகப் பேசினார், வாழைக்காய் வறுவல் வைத்தார். கோப்பைப் புரட்டியவர் ஒரு இடத்தில் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார், கோப்பைத் திருப்பி இவர் பக்கம் தள்ளினார். நகராட்சி மன்றத் தீர்மானத்தின் நகல். ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடுவதில் மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை. முன்மொழிந்தவர்: எஸ்.பெத்துராஜ், பதினான்காவது வார்டு உறுப்பினர். கீழே கையெழுத்து. ஜ்-க்கு மேலே புள்ளி வைக்காமல் வாலை நீட்டி வளைத்துவிடுகிற அவருடைய கையெழுத்து, நகலிலும் அது துல்லியமாக வந்திருந்தது, சனியன். "ஸார் தனியா ஒரு கடிதம் கொடுத்தா வரிசையில வைக்கறேன், ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். சபையில எழுப்பினா ஒரு மாசத்துக்குள்ள அமைச்சர் எழுத்துல பதில் சொல்லணும், கோப்பு ஓடும், பாலத்துக்கு வாய்ப்பு இருக்கு. ஆனா பதில்ல பின்னணி எழுதணும் ஸார். யார் சம்மதிச்சு கேட் மூடினோம்னு எழுதாம விட எனக்கு வழியில்ல." அதட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் கை மேஜைக்குப் போனது. மேஜையைத் தட்டி எத்தனை காரியம் சாதித்தவர். ஆனால் அந்த மனுஷன் எந்தத் தப்பும் செய்யவில்லை, உள்ளதைச் சொன்னான். உள்ளதைச் சொல்கிறவனை எங்கே பிடித்து உலுக்குவது.

படிக்கவில்லை. அதுதான் உண்மை. யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது அதுதான், படிக்காமல் போட்ட கையெழுத்து. நகராட்சிக் கூட்டத்தைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும், இந்த மண்டபத்துக்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. காலை பத்தரைக்குக் கூட்டம் என்றால் பதினொன்றரைக்கு மணி அடிப்பார்கள். முதலில் வருகைப் பதிவேடு சுற்றிவரும், அதன் பின்னாலேயே தட்டில் கேசரியும் வடையும். சேர்மன் தனுஷ்கோடி எழுந்து, பொருள் ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை என்பார், முப்பத்திரண்டு உறுப்பினர்களில் பாதிப்பேர் வாயில் வடையோடு மேஜையைத் தட்டுவார்கள், ஏகமனதாக நிறைவேறியது, அவ்வளவுதான். அறுபத்திரண்டு விஷயம், ஏழு நிமிஷம். அதற்கப்புறம் டேபிள் பொருள் என்று ஒன்று இருக்கிறது. முன்கூட்டி அச்சடித்துத் தராமல், கூட்டம் நடக்கும்போதே மேஜைமேல் வைக்கிற சரக்கு. எதைச் சத்தமில்லாமல் கடத்த வேண்டுமோ அதெல்லாம் டேபிள் பொருளாகத்தான் வரும். முன்மொழிந்தவர் யார் வழிமொழிந்தவர் யார் என்று எவனும் வாயைத் திறந்து மொழிவதில்லை, கூட்டம் முடிந்தபிறகு கிளார்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவான், அண்ணாச்சி இதுல உங்க பேரைப் போட்டுக்கிடட்டா என்பான், போட்டுக்கோ என்றால் போட்டுக்கொள்வான். முறை வைத்துப் பேர் வரும். பேர் வராவிட்டால் கோபித்துக்கொள்கிற உறுப்பினர்கள் உண்டு, கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனது மாதிரி. அந்த மாதிரிப் போட்டதுதான் இதுவும். படிக்கவில்லை. இதைச் சீனித்தாயிடம் சொல்லிப் பார்த்தார், போன வாரம் அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்து, டெல்லி வீட்டுச் சமையலறையில். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் சிரித்தாள். "நீங்க படிக்காம கையெழுத்துப் போடுத ஆளா? பால் அட்டையையே ரெண்டு தரம் வாசிச்சுட்டுத்தான பால்காரன்ட்ட நீட்டுவீக." "ஏளா, நான் என்ன சொல்லுதேன் நீ என்ன பேசுத" என்று அவர் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் புளியைப் பிழிந்து சக்கையைத் தனியே வைத்தாள். "என்ட்ட கத்தி என்ன ஆவப்போவுது. அங்க போயி கத்துங்க. அதுக்குத்தான அனுப்பிருக்காக." இந்த ஊர் நாய்க்கும் தமிழ் புரியாது, அவள் சொல்வதும் தனக்குப் புரிந்திருக்கக் கூடாது என்று தோன்றியது அப்போது.

பன்னிரண்டு. பதினொன்று எப்போது போனது? வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார், வாய் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது, கருவி மேஜைமேல் கிடந்ததால் அது வெறும் வாய். பால் அட்டையை இரண்டு தரம் வாசிக்கிற பழக்கம் சும்மா வந்ததில்லை. இருபத்தோரு வயதில் தள்ளுவண்டியில் பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று தெருத் தெருவாகக் கத்தியவர் அவர். எவனோ ஒருவன் கொண்டுவந்த ஆறடிக் குழாயை எடைக்கு எடுத்துப் போட்டார், அது தண்ணீர்க் குழாய், திருட்டுச் சரக்கு, வாங்கியவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பது ஸ்டேஷனில் முட்டி பெயர்ந்த பிறகுதான் தெரிந்தது. ரெண்டு நாள் உள்ளே. வெளியே வந்தபோது தெருவில் எவளும் இரும்பு போடக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து எதையும் திருப்பிப் பார்க்காமல், தட்டிப் பார்க்காமல், எங்கே இருந்து வருகிறது என்று கேட்காமல் தொட்டதில்லை. கையில் தூக்கினால் எடை சொல்லுவார், தராசு அவருக்குப் பின்னால் வந்து ஆமாம் என்று சொல்லும். அப்படிப்பட்ட ஆள் தன் வார்டு பேர் போட்ட ஒரு தாளை வாசிக்காமல் விட்டிருப்பாரா? கிளார்க் நோட்டோடு வரவில்லையே. தனுஷ்கோடி அறைக்கல்லவா கூப்பிட்டு அனுப்பினார். கூட்டத்துக்கு முன்னாலேயே. அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அப்போது நகராட்சியிலேயே அந்த ஒரு அறையில்தான் அது. வாசித்தார். சரி, வாசித்தார். நின்றுகொண்டே ஒரு தரம், உட்கார்ந்து ஒரு தரம். வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்து, முடியாது என்று எழுந்தார், நாற்காலி பின்னால் விழுந்தது. "என் வார்டுச் சனம் பூராவும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான்யா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவுது. மூட விட்டுட்டு நான் தெருவுல நடமாட முடியுமா?" தனுஷ்கோடிக்குக் கோபமே வராது, அதுதான் அந்த ஆளிடம் இருந்த ஆபத்து. "நாற்காலியை எடுத்துப் போடும்வே. உம்ம வார்டுக்காரன் எதிர்த்தா கேட்டு அப்படியே கெடக்கும், அதுல மணிக்கணக்கா காத்துக் கெடக்கணும்னா நாளைக்கு லாரிக்காரன் எவனும் நம்ம ஊருக்குள்ள வர மாட்டான், மார்க்கெட்டு படுத்துரும். சுரங்கப்பாதை வருது. சரி, சொல்லும், உமக்கு என்ன வேணும்?" உமக்கு என்ன வேணும். அந்தக் கேள்விக்குப் பிறகு பெத்துராஜ் எழுந்து போனது கிடையாது, வாழ்க்கையில் ஒருதரம்கூட. உட்கார்ந்தார். இரண்டு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி, காமராசர் திடலுக்கு மேற்கே, வேலை உத்தரவைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து. தனுஷ்கோடி ஒரு லட்சம் என்றார், அடுத்த வருஷம் என்றார், சின்டெக்ஸ் டேங்க் நாலு வைக்கிறேன் என்றார். மூன்று மணி நேரம். கடைசியில் வேலை உத்தரவு டைப் ஆகி வந்தது. வாசித்தார், இரண்டு தரம். கையெழுத்துப் போட்டார். அப்புறம் தனுஷ்கோடிதான் சிரித்துக்கொண்டே சொன்னார், "முன்மொழியிறது யாருன்னு ஒரு பேரு வேணுமே. உம்ம வார்டு சமாச்சாரம், நீரே இருந்தாத்தான் நாளைக்கு எவனும் கேள்வி கேக்க மாட்டான்." அதையும் யோசித்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். தொட்டிக்கு ஏற்றத் தனிக் குழாய் போட்டுத் தருவதாகத் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். பேரைக் கொடுத்தார்.

பதினைந்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் பார்த்த வார்டு அது. தொட்டி வந்தது, ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர். குழாயடியில் குடம் உருட்டிச் சண்டை போட்டவர்கள் அவரைத் தெருவில் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தத் தொட்டி இல்லையென்றால் அடுத்த தேர்தலில் அவர் இல்லை. அந்தத் தேர்தல் இல்லையென்றால் துணைத்தலைவர் இல்லை, தனுஷ்கோடிக்குப் பிறகு சேர்மன் இல்லை, கட்சி அவரை வலிய வந்து சேர்த்துக்கொண்டதும், சுயேச்சையாக நின்று பழகிய ஒரு இரும்புக்கடைக்காரனுக்குப் பாராளுமன்ற சீட்டுக் கொடுத்ததும், இந்தக் குளிரும் இந்தப் பதினேழாம் எண்ணும் இல்லை. எல்லாம் அந்தத் தொட்டிமேல் ஏறி வந்தது. மோசமான பேரம் என்று எவனும் சொல்லிவிட முடியாது. கேட் ஒன்று போச்சு, எண்ணூறு வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. இன்றைக்கும் அதே அறையில் அதே ஆள் கூப்பிட்டால் என்ன செய்வோம்? தொட்டியைக் கேட்போம், கூடவே நடைமேம்பாலத்தையும் கேட்போம். ஏன் அன்றைக்குக் கேட்கவில்லை? அங்கேதான் நினைப்பு ஒவ்வொரு தரமும் வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் துண்டு மாட்டுகிற மாதிரி. தனுஷ்கோடி மசிகிற நிலையில்தான் இருந்தார். தனிக் குழாய்க்குச் சரி சொன்னவர் படிக்கட்டுக்கும் சரி சொல்லியிருப்பார், அதை ரயில்வேக்கு எழுதுகிற ஒரு வரிதானே. கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்றால், பெத்துராஜ் அந்த வருஷம்தான் ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். நடந்து கடக்கிறவன் கணக்கிலிருந்து அவர் அப்போதுதான் விலகியிருந்தார். வேறு ஒரு காரணமும் இல்லை. எத்தனை தரம் சுற்றி வந்தாலும் அந்த ஸ்கூட்டர்தான் நிற்கிறது.

பதினாலு. பதினைந்து. எழில்வேந்தன் இவர் பக்கம் சாய்ந்தார். "யோசிச்சீங்களா? எதிர்க்கட்சிக்காரன் அந்தப் பதிலை அச்சடிச்சு வீடு வீடா ஒட்டுவான். நாலு சாவுக்கும் நீங்கதான்பான். அடுத்த தடவை உங்களுக்கு சீட்டு வாங்கித் தர என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்." "நீங்க எப்ப வாங்கித் தந்தீக" என்று வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார். ஒட்டட்டும். சுவரொட்டியைப் பார்த்துப் பயப்படுகிற ஆளா அவர்? அவருக்குப் பயம் ஒரே ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான். பூரணம் வீடு. சுவரில் அவள் புருஷன் சங்கரலிங்கத்தின் படம், சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கினபடி, வாக்காளர் அட்டைக்கு எடுத்த படத்தைத்தான் பெரிசாக்கியிருந்தார்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஒரு மழைநாளில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டை வழியாகத் தண்டவாளத்தில் இறங்கினான். மூட்டையாக இருந்தால் போட்டுவிட்டு ஓடியிருப்பான், சைக்கிள் அல்லவா, சொந்தச் சைக்கிள். பெத்துராஜ்தான் மாலையோடு போனார், அப்போது சேர்மன், முதல் ஆளாகப் போனார். பூரணம் அழவில்லை. தீப்பெட்டி ஆபீசுக் கைவிரல்கள், நுனியெல்லாம் மருந்து ஏறிச் சிவந்த விரல்கள், அதால் அவர் வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சுட்டிக்காட்டினாள். "அண்ணாச்சி, நீங்க அங்க இறங்கிப் பாத்துட்டு வந்திருக்கீக. ஒத்தைப் படிக்கட்டு போதும் அண்ணாச்சி. கேட்டை மூடுன பாவி எவனா இருந்தாலும் இருந்துட்டுப் போறான். படிக்கட்டு மட்டும் வாங்கிக் குடுங்க." பாவி எவனா இருந்தாலும். அவர் தலையாட்டினார். ஆட்டின தலை அந்த வாசலில் நிலையில் இடித்தது, அது ஞாபகமிருக்கிறது, நெற்றியில் வீக்கம் இரண்டு நாள் இருந்தது, ஊரில் எல்லோரும் சேர்மனுக்கு எவ்வளவு துக்கம் என்றார்கள். ஓட்டுக் கேட்டுப் போனபோதும் அவள் அதையேதான் சொன்னாள். போன மாசம் ஊருக்குப் போனபோதும். அவள் வேறெதுவும் கேட்பதில்லை, விதவைப் பென்ஷனுக்குக்கூட மனு கொடுக்கவில்லை. இவர் சபையில் பேசப்போகிறார் என்று நேற்று உதவியாளன் ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டான், தீப்பெட்டி ஆபீசில் வேலையை நிறுத்திவிட்டுச் சூப்பர்வைசர் போனைச் சுவரில் சாத்திவைத்து எல்லோரும் பார்க்கப்போவதாகப் பதில் வந்தது. எழுந்து டீ குடிக்கப் போனால் காலி நாற்காலியைப் பார்ப்பாள். பேசினால் ஒரு மாசத்தில் பேரைப் பார்ப்பாள். ஒருத்தன் சொல்லித் தெரிந்துகொள்வாள், அதுவும் எதிர்க்கட்சிக்காரன் சொல்லி. அப்போதுதான் அவருக்குள் இருந்த இரும்புக்கடைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். துரு இருக்கிற சரக்கை விற்கிறவன் துருவைத் தானே திருப்பிக் காட்டிவிட்டால், வாங்குகிறவன் அதைப் பெரிசுபண்ண மாட்டான். அவனாகக் கண்டுபிடித்தால் மொத்தச் சரக்கையும் சந்தேகப்படுவான். நாமே சொல்லிவிட வேண்டியது. ஒரு நிமிஷத்தில் அம்பது வினாடி பாலம், பத்து வினாடி நான். கேட்டை மூட முன்மொழிந்தவன் நான், எனவே வழி திறக்கவும் நானே கேட்கிறேன். நன்றாகக்கூட இருக்கிறது கேட்க. பெருந்தன்மை மாதிரி. பெருந்தன்மை ஒரு மண்ணும் இல்லை, பேரம்தான், ஆனாலும் சொன்னது சொன்னதுதானே.

பதினாறாம் எண்காரர் நெசவாளிகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறதற்குள் எழில்வேந்தன் முழங்கையால் இடித்தார். "கடைசி வாய்ப்பு." கால் கொஞ்சம் எழும்பத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது, குதிகால் தரையை விட்டு வந்துவிட்டுத் திரும்ப இறங்கியது. அவருடைய பேரை மேலே இருந்து யாரோ வடக்கத்தி நாக்கில் கடித்துக் கூப்பிட்டார்கள். எழுந்தார். முன்னால் இருந்த ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, என் தொகுதியில் சாத்தங்குறிச்சி நகராட்சி பதினாலாம் வார்டில்" என்று ஆரம்பித்ததும் குரல் தன்னால் வந்தது, தெருவில் கத்தி வளர்ந்த குரல், தூங்கிக்கொண்டிருந்த எதிர்வரிசைக்காரன் ஒருவன் நிமிர்ந்தான். நாலு பேர் பேரையும் சொன்னார். சங்கரலிங்கம் என்று சொல்லும்போது சைக்கிளைச் சேர்த்துச் சொன்னார், எழுதிவைத்ததில் அது இல்லை. சுரங்கப்பாதைத் தண்ணீரைச் சொன்னார், வடிகால் வெட்டாதது நகராட்சி என்பதையும் சொன்னார். கண் ஓரத்தில் கடிகாரம் ஓடியது. அம்பது வினாடி ஆனதும் அவருக்குத் தெரிந்தது. இரும்பைத் தூக்கினால் எடை தெரிகிற மாதிரி நேரமும் அவருக்குக் கையில் தெரியும். இதுதான் இடம், இப்போது சொல்ல வேண்டும். அவர் வளைவைப் பற்றி இன்னொரு வாக்கியம் சொன்னார். தேவையில்லாத வாக்கியம். எத்தனை பாகை வளைவு என்றுகூடச் சொன்னார். மேலே மணி தட்டினார்கள், அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள், சிவப்பு விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார், "அந்தக் கேட்டை மூட முன்மொழிந்தவன் நான்தான்." முழுசாகச் சொன்னார், ஒரு எழுத்து விடாமல். அந்தப் பெரிய மண்டபத்தில் அது அவர் மீசை வரைக்கும்தான் போயிருக்கும். உட்கார்ந்தார். பதினெட்டாம் எண்காரர் அதற்குள் வெங்காய விலைக்குப் போய்விட்டார்.

எழில்வேந்தன் தொடையில் தட்டினார். "பாலத்தையும் கேட்டாச்சு, அதையும் சொன்ன மாதிரி ஆச்சு. சபைக் குறிப்புல ஏறாது. நீங்க பெரிய ஆளுய்யா." அந்தப் பாராட்டு அவருக்குக் கன்னத்தில் விழுந்தது. மெனக்கெட்டா செய்தோம்? இல்லை, நேரம் தவறிவிட்டது, மணி சீக்கிரம் அடித்துவிட்டான். சீக்கிரம் அடிக்கவில்லை. வளைவு எத்தனை பாகை என்று எவன் கேட்டான்? வாய் ஒரு வேலையும் கண் ஒரு வேலையும் பார்த்திருக்கிறது, இரண்டும் பேசிவைத்துக்கொண்டு, அவரைக் கேட்காமல். அவரைக் கேட்காமல் என்ன, அவர்தான் இரண்டும். தீப்பெட்டி ஆபீசில் சுவரில் சாத்திவைத்த போன் முன்னால் பத்திருபது பெண்கள் இப்போது கைதட்டிக்கொண்டிருப்பார்கள். சொன்னது சொன்னதுதானே என்று கொஞ்ச நேரம் முன்னால் நினைத்தாரே, சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் கேட்கவும் இல்லை, இப்படி ஒரு லாபம் அவர் கடையில்கூடப் பார்த்ததில்லை. ஒரு மணிக்கு உணவு இடைவேளை விட்டார்கள். எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் போக, அவர் வெளித்தாழ்வாரத்தில் தூண் ஓரமாக நின்று, செருப்பைக் கழற்றிக் கல்தரையில் கால் வைத்தார். உள்ளே குளிர்ந்த கால் வெளியே சுட்டது. போனை எடுத்தார், வைத்தார். எடுத்தார். வாழ்த்துச் செய்திகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன, கையெடுத்துக் கும்பிடும் படங்கள், பாலம் கண்ட பெத்துராஜ் என்று அதற்குள் ஒருத்தன் அச்சடித்தே அனுப்பிவிட்டான். அப்போது மணி அடித்தது, பேர் பார்த்தார், சூப்பர்வைசர் நம்பர். எடுத்தால் பூரணம்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீகளா? நாங்க எல்லாரும் பாத்தோம். அவுக பேரைச் சொன்னீக, சைக்கிளைச் சொன்னீக, எனக்கு..." நிறுத்தினாள். பின்னால் பெண்களின் சிரிப்பும் குச்சி அடுக்குகிற சட்டங்களின் சத்தமும் கேட்டது. "நல்லாப் பேசுனீக. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் போனை வாங்குனேன். கடைசியில சத்தத்தை அமத்திட்டாக. ஆனா உங்க வாய் அசைஞ்சுது. என்ன சொன்னீகன்னு இங்க ஒவ்வொருத்தியும் ஒண்ணு சொல்லுதா. நன்றி வணக்கம்னீகளா?" ஆமாம் என்றால் போதும். ஒரு வார்த்தை. அவளே எடுத்து நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டால் போதும். ஒரு மாசம் இருக்கிறது, பதில் எழுதுகிறவர்களிடம் பேசிப் பார்க்கலாம், ஒரு வரியை மழுப்பச் சொல்லலாம், எழில்வேந்தனுக்குத் தெரியாத ஆளா. "பூரணம், கொஞ்சம் தள்ளி வந்து நில்லு" என்றார். சட்டங்களின் சத்தம் குறைந்தது. "சொல்லுங்க அண்ணாச்சி." சொன்னார். கேட்டை மூட முன்மொழிந்தது நான். நோட்டில் என் பேர் இருக்கிறது. தெரியாமல் போட்டதில்லை, வாசித்துவிட்டுத்தான் போட்டேன், ரெண்டு தரம். தொட்டிக்காகப் போட்டேன். படிக்கட்டும் சேர்த்துக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஸ்கூட்டரைச் சொல்ல வந்து விட்டுவிட்டார், அதைச் சொல்வதற்கு வாய் வரவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், திட்டுக்கெல்லாம் பதில் இருக்கிறது அவரிடம். அழுவாள் என்று காத்திருந்தார். குழாயடியில் முறை கேட்கிற குரலில் அவள் கேட்டாள், "பாலம் வருமா, வராதா?"

"வரும்."

"எழுத்துல வருமா?"

"ஒரு மாசத்துல எழுத்துல வரும். அதுல என் பேரும் வரும்."

"உங்க பேரை எடுக்கச் சொல்லி எவன்ட்டயும் போயி நிக்கக் கூடாது."

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படி ஒரு விலை சொன்னதில்லை, அதுவும் குறைக்க இடம் வைக்காமல். "நிக்க மாட்டேன்" என்றார்.

"பாலத்துல நான் ஒரு தரம் ஏறி இறங்குதேன். அதுக்கப்புறம் உங்கள என்ன செய்யணும்னு சொல்லுதேன்" என்றாள் பூரணம். "இப்ப வையுங்க எம்.பி. சார், எனக்கு வேலை கெடக்கு."